எடிட்டரை மாற்றும் முன் இயங்குதளத்தைப் பழக்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது: நாள் முழுக்க டெக்ஸ்ட் கோப்புகளோடுதான் வேலை. குறிப்புகள், லாக், சிஎஸ்வி, கான்ஃபிக் என்று எல்லாம் உண்டு. ஒவ்வொரு முறையும் வலது கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' போய், செயலியைத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது. புதுக் கோப்பு உருவாக்கினால் பெயர் கோளாறாகிறது. சில கோப்புகளைத் திருத்திவிட்டுச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. வீட்டில் விண்டோஸ் 11. அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் மடிக்கணினி, ஒரு உபுண்டு (லினக்ஸ்) கணினி. அலுவலக மடிக்கணினியில் நிர்வாகி உரிமை கிடையாது. எந்த எடிட்டருக்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும்?

எந்த எடிட்டருக்கு மாறினாலும் தீராது. நீங்கள் பட்டியலிட்டதில் ஒன்றுகூட எடிட்டருக்குள் நடக்கிற பிரச்சினை இல்லை. கோப்பைக் கண்டுபிடிப்பது, திறப்பது, உருவாக்குவது, சேமிக்க அனுமதி பெறுவது, எல்லாமே இயங்குதளத்தின் வேலை. எது டெக்ஸ்ட் கோப்பு, அதை யார் திறக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஒரு மாலை நேரம் ஒதுக்கி அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், இப்போது இருக்கும் எடிட்டரே போதும் என்று உங்களுக்கே தோன்றும்.

முதலில் கோப்பு நீட்டிப்பு, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் சில எழுத்துகள். விண்டோஸ் அதை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. 'செட்டிங்ஸ்.ஐஎன்ஐ' என்று நீங்கள் பெயர் வைத்த கோப்பு உண்மையில் 'செட்டிங்ஸ்.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி' என்று கிடக்கும். திரையில் பார்த்தால் சரியாகவே தெரியும், அதைப் படிக்க வேண்டிய மென்பொருள் மட்டும் கோப்பே இல்லை என்று சொல்லும். உங்கள் பெயர்க் கோளாறு பெரும்பாலும் இதுதான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அதே இடத்தில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' இருக்கிறது, அதையும் செய்துகொள்ளலாம். பாதுகாப்புக்கும் இது நல்லது: பில் போலவோ குறிப்பு போலவோ பெயர் வைத்துக்கொண்டு, கடைசியில் இஎக்ஸ்இ என்று முடிகிற கோப்பு இனி உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன உத்தி. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது கோப்பின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால், நீங்கள் எழுதிய பெயர் அப்படியே நிற்கும். டிஎக்ஸ்டி வாலில் ஒட்டிக்கொள்ளாது. நீட்டிப்பே இல்லாத கோப்புகளுக்கும் இது வேலை செய்யும்.

அடுத்தது, எந்த வகைக் கோப்பை எது திறக்க வேண்டும் என்று நிரந்தரமாகச் சொல்லிவைப்பது. வலது கிளிக், ஓப்பன் வித், 'சூஸ் அனதர் ஆப்', எடிட்டரைத் தேர்ந்தெடுத்துக் கீழே 'ஆல்வேஸ்' பொத்தான். ஒரு நீட்டிப்புக்கு ஒரு முறை செய்தால் போதும். டிஎக்ஸ்டி, லாக், எம்டி, ஐஎன்ஐ, ஜேசன், எக்ஸ்எம்எல், யாம்ல் என்று நீங்கள் தொடுகிற வகைகளை வரிசையாக முடித்துவிடுங்கள். இரண்டு வகைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று சிஎஸ்வி, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணைக் கோப்பு. எக்செல் நிறுவியிருந்தால் அது இரட்டைக் கிளிக்கில் சிஎஸ்வியைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு வசதிதான். ஆனால் கட்டங்களில் நிரப்பும்போதே அது மதிப்புகளை ஊகித்து மாற்றிவிடுகிறது: முன்னால் பூஜ்யம் உள்ள எண்ணில் பூஜ்யம் போய்விடும், நீண்ட கணக்கு எண் அடுக்கு வடிவத்துக்கு மாறும், தேதி போலத் தெரிகிற எதுவும் தேதியாகிவிடும். சேமித்தால் மாறியது கோப்பிலேயே பதிந்துவிடும், பழைய மதிப்பு திரும்பாது. இது எவ்வளவு பெரிய தலைவலி என்றால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போன்ற சுருக்கப் பெயர்களை விரிதாள் மென்பொருள்கள் தேதியாக்கிக்கொண்டே இருந்ததுதான் காரணம். அதனால் என் யோசனை: சிஎஸ்விக்கு இரட்டைக் கிளிக்கில் டெக்ஸ்ட் எடிட்டர் திறக்கட்டும். கட்டங்களாகப் பார்க்க வேண்டியபோது மட்டும் ஓப்பன் வித் வழியாக எக்செலுக்குப் போங்கள்.

இன்னொன்று ஜேஎஸ், விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) கோப்புகள். விண்டோஸில் இவற்றை இரட்டைக் கிளிக் செய்தால் இயல்பாக அவை திறக்காது, இயங்கும். மின்னஞ்சலில் வரும் தீங்கான இணைப்புகள் பல இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன. இவற்றையும் எடிட்டருக்கு மாற்றிவிட்டால் கைதவறிக் கிளிக் செய்தாலும் வெறும் எழுத்துகள்தான் திறக்கும். பிஏடி கோப்புகளை இப்படி மாற்ற வேண்டாம். அவை இயங்குவதற்காகவே இருப்பவை, வலது கிளிக்கில் 'எடிட்' ஏற்கெனவே இருக்கிறது.

சரி, நீட்டிப்பே இல்லாத கோப்புகளும், எப்போதாவது ஒருமுறை மட்டும் எடிட்டரில் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றனவே? இங்கே இரண்டு வழி.

எளிய வழி 'சென்ட் டு'. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் 'ஷெல்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் 'சென்ட்டு' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். ஒரு கோப்புறை திறக்கும். உங்கள் எடிட்டரின் ஷார்ட்கட் ஒன்றை அதில் போடுங்கள். முடிந்தது. இனி எந்தக் கோப்பை வலது கிளிக் செய்தாலும் சென்ட் டு பட்டியலில் உங்கள் எடிட்டர் இருக்கும். பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், நோட்பேட்++, விஎஸ் கோட் போன்றவை எல்லாவற்றையும் தனித்தனித் தாவல்களில் திறக்கும். விண்டோஸ் 11-இல் சென்ட் டு உடனே கண்ணில் படாது, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்தால் பழைய முழுப் பட்டியல் நேராக வரும். விரல் பழகிவிட்டால் இதுவே போதும்.

இன்னும் நேரடியான வழி ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம். பயப்படத் தேவையில்லை, ஆனால் கவனம் வேண்டும். ரெஜ்எடிட்டைத் திறந்து 'ஹெச்கீ கரன்ட் யூசர்', 'சாஃப்ட்வேர்', 'கிளாசஸ்' என்று இறங்குங்கள். அங்கே நட்சத்திரக் குறி (*) பெயரில் ஒரு கீ (கோப்புறை போன்ற பதிவு) இல்லையென்றால் உருவாக்குங்கள். எல்லா வகைக் கோப்புகளுக்கும் என்பது அதன் பொருள். அதற்குள் 'ஷெல்', அதற்குள் பட்டியலில் எப்படித் தெரிய வேண்டுமோ அந்தப் பெயரில் ஒரு கீ. தமிழிலேயே 'எடிட்டரில் திற' என்று வைக்கலாம், தாராளமாக வேலை செய்யும். அதற்குள் 'கமாண்ட்' என்று கடைசிக் கீ. அதன் டிஃபால்ட் மதிப்பில் எடிட்டரின் முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதி, ஓர் இடைவெளி விட்டு "%1" என்று சேருங்கள். %1 இருக்கும் இடத்தில் விண்டோஸ் கோப்பின் பாதையைப் பொருத்தும். சுற்றியுள்ள மேற்கோள் குறிகளை விட்டுவிட்டால், பெயரில் இடைவெளி உள்ள கோப்பு துண்டு துண்டாக உடைந்து, இல்லாத இரண்டு மூன்று கோப்புகளை எடிட்டர் தேடத் தொடங்கும். இந்தப் பகுதியில் பலரும் சறுக்குவது அந்த ஒரு இடத்தில்தான்.

கரன்ட் யூசர் கிளையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் 'கிளாசஸ் ரூட்' கிளைக்கு அனுப்பும். புதிதாக அங்கே எழுதுவது பொதுவாகக் கணினி முழுமைக்கும் போய்ச் சேரும், நிர்வாகி உரிமையும் கேட்கும். கரன்ட் யூசரில் எழுதினால் உங்கள் கணக்குக்கு மட்டும் பொருந்தும், உரிமை எதுவும் வேண்டாம், பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு கீயை அழித்தால் பழையபடி ஆகிவிடும். தொடுவதற்கு முன் அந்தக் கிளையை வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: பதினைந்துக்கு மேல் கோப்புகளைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் இப்படிச் சேர்த்த கட்டளைகளைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடும். அது பிழை இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மொத்தமாகத் திறக்க சென்ட் டு வழிதான் சரி.

நோட்பேடே போதும் என்றால் விண்டோஸ் 11-இன் வலது கிளிக் பட்டியலில் நோட்பேடில் திருத்தும் வரி ஏற்கெனவே வந்துவிட்டது, மேலே சொன்னது எதுவும் வேண்டாம். பழைய எண்ணத்தில் நோட்பேடை ஒதுக்காதீர்கள் என்றும் சொல்வேன். லினக்ஸ் பாணி வரிமுடிவுகளை 2018 முதல் அது ஒழுங்காகக் காட்டுகிறது; அதற்கு முன்பு அப்படிப்பட்ட கோப்பு ஒரே நீண்ட வரியாகத்தான் தெரியும். 2019 முதல் யுடிஎஃப்-8 அதன் இயல்புக் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை). இப்போது தாவல்களும் உண்டு, சேமிக்காமல் மூடினாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து திறக்கும். நாட்குறிப்பு போல எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய வசதி: கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து ஒட்டியபடி 'லாக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுதிச் சேமியுங்கள். அடுத்து ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடைசி வரியில் அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து நிற்கும். நடுவில் எங்காவது நேரம் வேண்டுமென்றால் எஃப்5.

குறியாக்கம் என்ற பேச்சு வந்ததால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிய குறிப்பைத் திறந்தால், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகத் திரை நிறைகிறதா? கோப்பு கெடவில்லை. தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8-இல் 3 பைட் எடுக்கும். அவற்றில் முதல் இரண்டு பைட்டுகளை ஐரோப்பியக் குறியாக்கமாகப் படித்தால் இந்த உருவங்கள்தான் வரும். அந்த நிலையில் சேமிக்காமல் மூடிவிட்டு, எடிட்டரில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். விண்டோஸின் மொழி அமைப்புகளில், கணினி முழுவதும் யுடிஎஃப்-8 என்று மாற்றும் ஒரு சோதனைத் தெரிவு இருக்கிறது. அதை அவசரப்பட்டு டிக் செய்யாதீர்கள். யூனிகோடு தெரியாத பழைய மென்பொருள்கள் அதனால் குழம்பும். எடிட்டரின் இயல்பை யுடிஎஃப்-8 ஆக வைப்பதே போதும். 'பிஓஎம் இல்லாமல்' என்ற தெரிவு இருந்தால் அதையே எடுங்கள்; பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் சேரும் ஒரு குறியாக்க அடையாளம். லினக்ஸில் இயக்கும் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட்டுகள் இருந்தால் முதல் வரியை இயங்குதளம் அடையாளம் காணாது.

அனுமதிச் சிக்கலுக்கு வருவோம். ஹோஸ்ட்ஸ் (இணைய முகவரிகளைக் குறித்துவைக்கும் கோப்பு) போன்ற அமைப்புக் கோப்பைத் திறப்பது சுலபம், சேமிக்கும்போதுதான் தகராறு. ஸ்டார்ட் மெனுவில் எடிட்டரின் பெயரை அடித்து, என்டருக்குப் பதிலாக கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிர்வாகியாகத் திறக்கும். உள்ளிருந்து 'ஓப்பன்' கொடுத்துக் கோப்பைத் தேடுங்கள். ஹோஸ்ட்ஸுக்கு நீட்டிப்பு கிடையாது என்பதால் கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் தெரியும். எடிட்டரை எப்போதுமே நிர்வாகியாகத் திறக்கும்படி அமைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். எடிட்டரில் நிறுவிய ஒவ்வொரு செருகுநிரலும் அந்த உரிமையோடுதான் ஓடும்.

உபுண்டுவில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதனாலேயே அதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். சுடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டு எடிட்டரைத் திறக்காமல், 'சுடோஎடிட்' என்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அது கோப்பின் தற்காலிக நகல் ஒன்றை எடுத்து, உங்கள் சொந்த எடிட்டரில், உங்கள் சாதாரண உரிமையோடு திறக்கும். திருத்திச் சேமித்து மூடியதும், மாற்றம் இருந்தால் மட்டும் மூலக் கோப்பில் எழுதும். எடிட்டர் ரூட்டாக (நிர்வாகியாக) ஓடவில்லை, உங்கள் நிறங்களும் அமைப்புகளும் அப்படியே இருக்கும்.

அது எந்த எடிட்டரைத் திறக்கும்? வீட்டுக் கோப்புறையில் உள்ள பாஷ்ஆர்சி என்ற முனைய அமைப்புக் கோப்பில் 'விஷுவல்', 'எடிட்டர்' என்ற இரண்டு சூழல் மாறிகளுக்கும் (பெயர்கள் பெரிய எழுத்தில்) உங்களுக்குப் பிடித்த எடிட்டரை எக்ஸ்போர்ட் செய்துவையுங்கள். சுடோஎடிட், கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி), க்ரான்டேப் (குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் கட்டளை) எல்லாம் அவற்றைப் பார்த்துத்தான் நடக்கும். விஎஸ் கோட் வைக்கிறீர்கள் என்றால் கட்டளையோடு 'வெயிட்' தெரிவையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சாளரம் திறந்த அடுத்த கணமே, நீங்கள் திருத்தி முடித்துவிட்டதாக நினைத்து கிட் நகர்ந்துவிடும், கமிட் செய்தி காலி என்று திட்டும்.

உபுண்டுவின் கோப்பு மேலாளரில் வலது கிளிக் செய்தால் புதிய டெக்ஸ்ட் கோப்பு உருவாக்கும் வரியே காணோம் என்று பலர் தவிப்பார்கள். வசதி இருக்கிறது, காலியாக இருப்பதால் தெரிவதில்லை. வீட்டுக் கோப்புறைக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் காலியான ஒரு டிஎக்ஸ்டி கோப்பைப் போடுங்கள். உடனே வலது கிளிக்கில் 'நியூ டாக்யுமென்ட்' முளைக்கும். காலிக் கோப்பாகவே இருக்க வேண்டும் என்றில்லை. கூட்டக் குறிப்புக்கான தலைப்புகள், ஷெல் ஸ்கிரிப்ட்டின் முதல் வரி, வாராந்தர அறிக்கையின் சட்டகம் என்று நீங்கள் திரும்பத் திரும்ப அடிப்பவற்றை வார்ப்புகளாகப் போட்டுவைத்தால், எந்தக் கோப்புறையிலும் இரண்டு கிளிக்கில் பாதி எழுதிய கோப்பு தயார். விண்டோஸில் இதற்கு இணை 'ஷெல்நியூ' என்ற ரெஜிஸ்ட்ரி கீ. மேலே சொன்ன கிளாசஸ் கிளையில் அந்த நீட்டிப்பின் கீழ் ஷெல்நியூ என்று உருவாக்கி, 'நல்ஃபைல்' என்ற காலி ஸ்ட்ரிங் மதிப்பைச் சேர்த்தால் 'நியூ' பட்டியலில் அந்த வகை வரும். அந்த நீட்டிப்புக்கு முன்பே ஒரு செயலி அமைந்திருக்க வேண்டும். லினக்ஸில் கோப்புறையில் போடுவதோடு முடிகிற வேலை இங்கே இவ்வளவு சுற்று.

லினக்ஸ் நீட்டிப்பை மட்டும் நம்புவதில்லை, உள்ளடக்கத்தையும் பார்த்து வகை சொல்லும். அதனால் நீட்டிப்பு இல்லாத டெக்ஸ்ட் கோப்பும் பெரும்பாலும் சரியாகவே திறக்கும். இயல்புச் செயலியை மாற்ற, கோப்பை வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்' வழியாகப் போகலாம்; பழைய பதிப்புகளில் இது 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே இருந்தது. நீங்கள் தேர்ந்தது வீட்டுக் கோப்புறையின் கான்ஃபிக்கில் மைம்ஆப்ஸ் பட்டியல் என்ற சிறு டெக்ஸ்ட் கோப்பில் பதிவாகும். கணினி மாறும்போது அந்த ஒரு கோப்பை எடுத்துச் சென்றால் எல்லா இணைப்புகளும் கூடவே வரும்.

மேக்கில் வேலை செய்பவர்களுக்குச் சுருக்கமாக: டெக்ஸ்ட்எடிட்டின் அமைப்பில் புதிய கோப்பை 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள், இயல்பில் அது ரிச் டெக்ஸ்டாக இருக்கிறது. கீபோர்டு அமைப்பில் ஸ்மார்ட் கோட்ஸை அணையுங்கள். வளைந்த மேற்கோள் குறி ஒன்று கான்ஃபிக் கோப்பில் நுழைந்தால் அதைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். கோப்பைத் தேர்ந்து கமாண்ட்-ஐ அழுத்தி, ஓப்பன் வித் பகுதியில் 'சேஞ்ச் ஆல்' கொடுத்தால் அந்த வகை முழுவதும் மாறும். கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி சேர்ந்தால் மறைந்த கோப்புகள் தெரியும்.

திறக்காமலே பார்ப்பதும் பாதி வேலையை மிச்சப்படுத்தும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஆல்ட்-பி அழுத்தினால் வலப்பக்கம் முன்னோட்டம் வரும், டெக்ஸ்ட் கோப்புகளை அங்கேயே படிக்கலாம். உங்கள் நிறுவனத்துக்கே உரிய விசித்திர நீட்டிப்பு என்றால் காட்டாது. கிளாசஸ் கிளையில் அந்த நீட்டிப்பின் கீழ் 'பெர்சீவ்ட்டைப்' என்ற ஸ்ட்ரிங் மதிப்பை உருவாக்கி 'டெக்ஸ்ட்' என்று எழுதினால் காட்டும். தேடலும் அப்படியே: இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு, ஃபைல் டைப்ஸ் போய், அந்த நீட்டிப்புக்கு உள்ளடக்கத்தையும் சேர்த்து அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மறந்து, உள்ளே எழுதிய ஒரு வரி மட்டும் நினைவிருக்கும் நாட்களில் அருமை தெரியும்.

தட்டச்சுப் பக்கம் ஒன்றிரண்டு. விண்டோஸ்-வி அழுத்தினால் கிளிப்போர்டு வரலாறு வரும். முதல் முறை இயக்கச் சொல்லிக் கேட்கும், சரி என்று விடுங்கள். கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அந்த வரலாற்றில் தங்கும், அதை மட்டும் உடனே நீக்கிவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் கீபோர்டு பகுதியில் ரிபீட் டிலேயைக் குறைத்து ரிபீட் ரேட்டைக் கூட்டுங்கள். நீண்ட கோப்பில் அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டு நகரும்போது உடனே வித்தியாசம் தெரியும். எடிட்டரை டாஸ்க்பாரில் முதல் இடத்தில் பின் செய்தால் விண்டோஸ்-1 அதைத் திறக்கும். இவை எல்லாமே எந்த எடிட்டர் ஆனாலும் பயன்படும்.

கடைசியாக உங்கள் அலுவலக மடிக்கணினி. நீட்டிப்பைக் காட்டுவது, இயல்புச் செயலிகள், சென்ட் டு, கரன்ட் யூசர் ரெஜிஸ்ட்ரி, கிளிப்போர்டு வரலாறு, எதற்கும் நிர்வாகி உரிமை தேவையில்லை. நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பு நோட்பேட்++, விஎஸ் கோட் இரண்டுக்கும் உண்டு, ஆனால் அலுவலக விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு வையுங்கள். ரெஜ்எடிட்டையே நிர்வாகம் பூட்டியிருந்தால் அதைச் சுற்றிப்போக முயல வேண்டாம். சென்ட் டு கோப்புறையில் ஒரு ஷார்ட்கட் போதும், அன்றாடத் திறப்புகள் அனைத்தும் அதிலேயே அடங்கிவிடும். ஹோஸ்ட்ஸ் மாதிரியான கோப்புகளுக்கு மட்டும் ஐடி பிரிவில் கேட்டு, எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.